மாரிக்கு முன் கடையில் எதை, எவ்வளவு இருப்பு வைப்பது?

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் சில்லறைக் கடை ஒன்று நடத்துகிறோம். அப்பாவின் கடை, இப்போது நான் பார்க்கிறேன். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துவிடும். கார்த்திகை, மார்கழியில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் கம்பனி லொறிகள் இந்தப் பக்கம் வராது. சில வருடம் இரண்டு நாள், சில வருடம் ஒரு கிழமைக்கு மேல். வெள்ளமே வராத வருடங்களும் உண்டு.

சாமானைக் குறைத்துப் போட்டால் வெள்ள நேரம் றாக்கை வெறுமையாகிவிடும். கூடப் போட்டால் வெள்ளம் வராத வருடத்தில் காசு முடங்கும், பிஸ்கட் நமுத்துப் போகும், மாவில் வண்டு விழும். இதே மாதங்களில்தான் பெரும்போக விதைப்பும் முடிந்திருக்கும், வேளாண்மை செய்கிறவர்களின் கையில் காசு இருக்காது. எல்லாம் கடன் கொப்பியில் ஏறும். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்துதான் அந்தக் காசு திரும்பும்.

இந்த முறை மூன்று லட்சம் அளவு புரட்டலாம். வழமையான ஓடருக்கு மேலதிகமாக இதை எந்தச் சாமானில் போடுவது? அப்பா மனதால் ஒரு கணக்குப் போடுவார், அது பெரும்பாலும் சரி வரும். எனக்கு அந்த அனுபவம் இல்லை. முறையாக யோசிக்க ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள்.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

மகள், அரிசி, மா, சீனி, மைசூர்ப் பருப்பு, பால்மா, ரின்மீன், மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி. எல்லாவற்றிலும் வழமையாக எடுப்பதுபோல் இரண்டு மடங்கு எடுங்கள். உங்கள் பக்கம் கடை வைத்தவர்கள் காலாகாலமாகச் செய்வது அதுதான். 1978 நவம்பர் சூறாவளி அடித்தபோது நான் சின்னப் பொடியன். கடையில் சாமான் வைத்திருந்தவர்தான் ஊரைத் தாங்கினார் என்று வாப்பா சொல்லுவார். மிஞ்சினால் தைப்பொங்கலுக்கு விற்றுவிடலாம், பயப்பட வேண்டாம்.

கல்லடி வாசி எழுதியது:

காக்கா சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. எல்லாவற்றிலும் இரண்டு மடங்கு என்பதில்தான் இல்லை. கொழும்பில் ஒரு நுகர்வுப் பொருள் கம்பனியில் இருப்புத் திட்டமிடல்தான் என் வேலையாக இருந்தது. அங்கே செய்யும் கணக்கைச் சின்னக் கடைக்கும் கொப்பி, பேனாவோடு செய்யலாம்.

தங்கச்சி, "எவ்வளவு விற்கும்?" என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முன் ஒவ்வொரு சாமானுக்கும் "ஒன்று மிஞ்சினால் எனக்கு எவ்வளவு நட்டம், ஒன்று குறைந்தால் எவ்வளவு நட்டம்?" என்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் சாமானுக்குச் சாமான் மாறும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே மடங்கு பொருந்தாது.

பாணை எடுங்கள். ஒரு றாத்தல் பாணை 100 ரூபாய்க்கு வாங்கி 120 க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம் (கணக்குக்காக வட்டமான எண்கள்). மறுநாள் மிஞ்சிய பாணை ஆரும் வாங்கமாட்டார்கள். மிஞ்சினால் 100 போகும், குறைந்தால் 20 போகும். 20 ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 120 ஆல் வகுத்தால் ஆறில் ஒன்று. அதாவது, கேட்கப்படும் அளவு எந்த எண்ணைத் தாண்டாத நாட்கள் ஆறில் ஒரு பங்காக இருக்கின்றனவோ, அந்த எண்ணளவு பாண்தான் எடுக்க வேண்டும்.

12 நாளில் கேட்கப்பட்ட பாணைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்குகிறேன்: 14, 15, 17, 18, 18, 19, 20, 21, 22, 24, 26, 30. சராசரி 20 க்குச் சற்று மேல். யாரும் 20 எடுப்போம் என்றுதான் நினைப்பார்கள். தினம் 20 எடுத்தால் 12 நாளில் மிஞ்சும் இலாபம் 2,520 ரூபாய். 16 எடுத்தால் 3,480. "ஆட்களைத் திருப்பி அனுப்பக் கூடாது" என்று 24 எடுத்தால் 480 ரூபாய் நட்டம். நீங்களே கூட்டிப் பாருங்கள். சராசரிக்குக் கீழே எடுப்பவர்தான் இங்கே பிழைக்கிறார்.

இப்போது சவர்க்காரம். ஒரு கட்டியில் இலாபம் 10 ரூபாய் என்று வைப்போம். மிஞ்சினால் கெடாது, அடுத்த கிழமை விற்கும். முடங்கிய காசுக்கு மாதம் 2 வீத வட்டி என்றால், 100 ரூபாய்க் கட்டி ஒரு கிழமை மிஞ்சியதன் செலவு 50 சதம்தான். 10 ஐ 10.50 ஆல் வகுத்தால் 95 வீதம். நூறு கிழமையில் 95 கிழமைக்குப் போதும் அளவு வைக்கலாம். ஒரே கடை, ஒரே ஆட்கள், ஆனால் பாணில் ஆறில் ஒரு நாளுக்குத்தான் முழுதாகப் போதும், சவர்க்காரத்தில் ஏறக்குறைய எப்போதும் போதும். இரண்டும் சரியான முடிவுகள்.

இதைப் பத்திரிகை விற்பவனின் கணக்கு என்று படிப்பிப்பார்கள். மாலையானதும் பத்திரிகைக்குப் பெறுமதி இல்லை, காலையிலேயே எத்தனை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். 1888 இல் எட்ஜ்வர்த் என்பவர் வங்கி எவ்வளவு காசைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பார்த்ததும் இதே சிந்தனைதான்.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

அண்ணன், கூட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன எண்களே வந்தன. ஒரு கேள்வி. எங்களுக்குப் பாண் தரும் பேக்கரிக்காரர் மிஞ்சினதைப் பாதி விலைக்குத் திருப்பி எடுப்பார், கோழித் தீனுக்கு. அப்போது?

கல்லடி வாசி எழுதியது:

அப்போது மிஞ்சினால் நட்டம் 50 தான். 20 ஐ 70 ஆல் வகுத்தால் 0.29 அளவு. அதே 12 நாள் பட்டியலில் நாலாவது எண், 18. முழு விலைக்கும் திருப்பி எடுத்தால் 30 ஐயும் அடுக்கி வைக்கலாம், நட்டம் முழுதும் அவருடையது. ஆகவே உங்களுக்கு எத்தனை பாண் என்பதைத் தீர்மானிப்பது பாதிக்குமேல் அவருடன் நீங்கள் பேசி வைத்திருக்கும் உடன்பாடு. பேக்கரியோடு, ஏஜென்ட்டோடு, "மிஞ்சினால் என்ன?" என்பதை முதலில் பேசித் தீருங்கள். மூட்டை எண்ணுவது அதற்குப் பிறகு.

செங்கலடி ரெப் எழுதியது:

அக்கா, நான் கம்பனிப் பக்கத்தில் வேலை செய்கிறவன், ஆனாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். காலாவதியான சாமானை மாற்றித் தருவதில் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒவ்வொரு முறை. சிலர் திகதிக்கு முன்பே சொன்னால்தான் எடுப்பார்கள், சிலர் பெட்டி உடைத்திருந்தால் எடுக்கமாட்டார்கள், தண்ணீர் பட்டதை அநேகமாக ஆரும் எடுப்பதில்லை. மாரிக்கு முன் கூடுதலாக ஓடர் போடும்போதே இதைக் கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு மூன்று மாதம் நிற்காது, ரெப்பே மாறிவிடுவார்.

மற்றது, மாதக் கடைசி. எங்களுக்கு விற்பனை இலக்கு இருக்கும். 12 எடுத்தால் 1 இலவசம் என்று 25 ஆம் திகதிக்குப் பிறகு வந்து நிற்போம். அந்த 1 ஐப் பார்த்து 24 எடுத்தால் உங்கள் மூன்று லட்சத்தில் ஒரு துண்டு சம்போ பக்கெட்டாக மாறிவிடும். வெள்ளத்தில் ஆரும் சம்போ தேடி வரமாட்டார்கள்.

அக்கரைப்பற்று டீச்சர் எழுதியது:

வணிகக் கல்வி படிப்பிக்கிறேன். கல்லடித் தம்பி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: விற்பனை எவ்வளவு ஆடுகிறது என்பது.

இரண்டு சாமானும் கிழமைக்குச் சராசரி 20 விற்கின்றன. ஒன்று ஒவ்வொரு கிழமையும் 18 க்கும் 22 க்கும் இடையில் நிற்கிறது, தேயிலை மாதிரி. மற்றது ஒரு கிழமை 5, அடுத்த கிழமை 40, நுளம்புச் சுருள் மாதிரி. சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே ஓடர் போடுவீர்கள். ஆனால் தேயிலைக்கு மேலதிகமாக இரண்டு, மூன்று போதும், சுருளுக்கு மேலதிகமே 20 வேண்டும். பாதுகாப்பு இருப்பு என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். அது விற்பனையின் அளவைப் பொறுத்ததல்ல, ஆட்டத்தைப் பொறுத்தது.

எத்தனை நாளுக்குத் தாங்க வேண்டும் என்பதிலும் அவதானம் தேவை. ரெப் கிழமைக்கு ஒரு தடவை வந்து, சாமான் மூன்று நாள் கழித்து வருகிறதென்றால், இன்று போடும் ஓடர் பத்து நாளைத் தாங்க வேண்டும். ஏனென்றால் அடுத்த ஓடரின் சாமான் வர அவ்வளவு நாள் செல்லும். பலர் மூன்று நாளை மட்டும் எண்ணுகிறார்கள்.

ஆனால் காலம் நாலு மடங்கானால் மேலதிகமும் நாலு மடங்காக வேண்டியதில்லை. ஒரு கிழமை கூட விற்றால் இன்னொரு கிழமை குறையும், ஒன்றையொன்று ஈடுசெய்யும். கிழமைக்குச் சராசரி 20, ஆட்டம் 5 (பாடத்தில் நியம விலகல், சராசரியிலிருந்து வழமையாக விலகும் அளவு) என்றால், ஒரு கிழமைக்கு 28 அளவு வைத்தால் நூறில் 95 தடவை போதும். நாலு கிழமைக்கு 112 வேண்டாம், 97 போதும். காலம் நாலு மடங்கானால் ஆட்டம் இரண்டு மடங்குதான் ஆகிறது, வர்க்கமூலம். ஆகவே "இரண்டு மடங்கு" என்ற விதி சில சாமானுக்கு மிக அதிகம், சிலவற்றுக்குப் போதாது.

கல்லடி வாசி எழுதியது:

டீச்சர் சொன்னதில் ஒரு எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு கிழமை கூடினால் மறு கிழமை குறையும் என்ற வர்க்கமூலக் கணக்கு சாதாரண நாட்களுக்குச் சரி. வெள்ளத்தில் எல்லாக் கிழமையும் சேர்ந்தே கூடும், எல்லா வீடும் ஒரே நேரம் மெழுகுதிரி கேட்கும். அங்கே ஈடுசெய்வதற்கு ஒன்றுமில்லை. வெள்ளச் சாமானைத் தனியாக, முழுதாக எண்ண வேண்டும்: இத்தனை வீடு, இத்தனை நாள், வீட்டுக்கு இத்தனை.

அக்கரைப்பற்று டீச்சர் எழுதியது:

உண்மை, தம்பி. நான் சொன்னது வழமையான ஆட்டத்துக்கு மட்டும்.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

கணக்கெல்லாம் நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளைக்குப் பால்மா. ஒரு பக்கெட்டில் கடைக்காரருக்குக் கிடைப்பது சின்ன இலாபம். உங்கள் கணக்கில் குறைந்தால் நட்டம் அந்தச் சின்ன இலாபம்தான், விலையோ பெரிய விலை. அப்போது பால்மாவைக் குறைத்து வை என்றல்லவா அந்தக் கணக்கு சொல்லும்? 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டம் கிடந்த கிடையை நான் பார்த்தவன். ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்து நிற்கும்போது, பால்மா இல்லை என்று சொல்வதன் நட்டம் எத்தனை ரூபாய்? அதை எந்தப் பேனாவால் எழுதுவது?

கல்லடி வாசி எழுதியது:

காக்கா, இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

இலாபத்தை மட்டும் "குறைந்தால் நட்டம்" என்று எழுதுவது அரைகுறைக் கணக்கு. பால்மா இல்லையென்றால் அந்தத் தாய் அடுத்த கடைக்குப் போவார். அங்கே பால்மாவோடு சீனி, தேயிலை, சவர்க்காரமும் வாங்குவார். அடுத்த மாதமும் அங்கேதான். ஆகவே ஒரு பக்கெட் குறைந்ததன் நட்டம் ஒரு வீட்டின் முழு மாத வியாபாரம். அதைப் போட்டுப் பார்த்தால் பால்மாவுக்கு வரும் எண் 95 வீதத்துக்கு மேலே போய்விடும்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. ஊரில் ஒரே கடை உங்களுடையதென்றால், தண்ணீர் சூழ்ந்த நேரம் போக வேறு கடையே இல்லை. அங்கே குழந்தைப் பால்மா, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொடி), சுகாதாரத் துணி, மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி போன்றவற்றை வியாபாரக் கணக்குக்கு வெளியே வையுங்கள். இவை எத்தனை நாள் தாங்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்து அந்த அளவு காசை ஒதுக்குங்கள். மிச்சக் காசுக்குத்தான் நான் சொன்ன வகுத்தல். மூன்று லட்சத்தில் இந்த ஒதுக்கீடு பெரிதாக வராது.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

இது சரி. இப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

காத்தான்குடி ராத்தா எழுதியது:

வீட்டோடு சேர்த்துக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் மழையைவிட நோன்புதான் பெரிய கணக்கு. பேரீச்சம்பழம், ரவை, சவ்வரிசி, சர்பத், கடலை மா எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் ஓடும். போன வருடத்துக் கொப்பியைப் பார்த்து "மார்ச்சில் இவ்வளவு விற்றது, இந்த மார்ச்சும் அவ்வளவு" என்று போடவே முடியாது. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்து, பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2023 இல் மார்ச் கடைசிப் பகுதியில் தொடங்கியது, 2025 இல் மார்ச் தொடக்கத்தில். இன்னும் இறங்கிப் போய் 2030 இல் ஒரே வருடத்தில் இரண்டு நோன்பு வரும், ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று.

அதனால் நான் மாதத்தை வைத்துக் கொப்பி எழுதுவதில்லை. "நோன்புக்கு முந்திய கிழமை", "முதல் பத்து", "பெருநாளுக்கு முந்திய நாலு நாள்" என்று எழுதுகிறேன். அடுத்த வருடம் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துப் பார்க்கலாம். நீங்களும் வேளாண்மையை வைத்து எழுதுங்கள்: விதைப்பு, பசளை, வெட்டு, சூடடிப்பு. உங்கள் ஆட்களின் கையில் காசு வருவது கலண்டரைப் பார்த்து அல்ல.

இரண்டு சேர்ந்தும் வரும், அதைக் கவனிக்க வேண்டும். 2024 இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே கிழமைக்குள் வந்தன. ஏஜென்ட்மாரின் லொறிகள் எல்லாம் முழு நிறைவு, கேட்டதில் பாதிதான் இறக்கினார்கள். இப்போது நோன்பு பெரும்போக வெட்டோடு சேர்ந்து வருகிறது. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே நேரம் வாங்குவார்கள். முந்தி ஓடர் போட்டவருக்குத்தான் சாமான்.

பொத்துவில் கடை எழுதியது:

எங்களுக்கு எதிர்மாறு. அறுகம்பேயில் வெள்ளைக்காரர் வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரை. மாரியில் கடை தூங்கும். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தைக்குப் போகும் வழியில் வாங்குவார்கள், அவர்களுக்குச் சின்னப் பக்கெட்தான் வேண்டும், தோளில் சுமக்கிற ஆட்கள். ராத்தா சொன்ன மாதிரி நானும் நிகழ்வை வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும் 2020 கொரோனாவிலும் எந்தக் கொப்பியும் உதவவில்லை. அந்த மாதிரி வருடத்துக்கு ஒரே வழி, ஓடரைச் சின்னச் சின்னதாகப் போடுவது.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

ராத்தா, அந்தக் கொப்பி முறை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அப்பாவின் பழைய கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். அவர் ஓரத்தில் "தண்ணி ஏறின நாள்", "தேர்", "சடங்கு" என்று சின்னதாக எழுதி வைத்திருக்கிறார். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு எவ்வளவு சோடா இறங்கியது என்றும் இருக்கிறது. அவர் மனதில் போட்டதாக நான் நினைத்த கணக்கு அந்த ஓரங்களில்தான் இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு குழப்பம். போன கார்த்திகையில் மெழுகுதிரி 30 பக்கெட் விற்றதாக எழுதியிருக்கிறது. இந்த வருடமும் 30 என்று எடுத்துக்கொள்ளலாமா?

கல்லடி வாசி எழுதியது:

30 விற்றது என்றால் கடையில் 30 தான் இருந்தது என்றும் இருக்கலாம். அதற்குப் பிறகு கேட்டு வந்தவர்கள் கொப்பியில் இல்லை. விற்பனையையும் கேள்வியையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. பெரிய கம்பனிகளின் கணினியிலும் இந்தப் பிரச்சினை உண்டு: றாக்கை வெறுமையான கிழமையில் விற்பனை பூச்சியம் என்று பதிவாகும், கணினி "இந்தச் சாமானுக்குக் கேள்வி குறைகிறது" என்று எடுத்து அடுத்த ஓடரைக் குறைக்கும், மறுகா இன்னும் வெறுமையாகும்.

எந்த நாள் தீர்ந்தது என்று பாருங்கள். மாதத்தின் எட்டாம் நாளே 30 உம் தீர்ந்திருந்தால் உண்மையான கேள்வி அதைவிட மிகக் கூட. இனி கல்லாப் பெட்டியருகே ஒரு தாள் தொங்கவிடுங்கள். ஆராவது கேட்டு "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் சாமானின் பெயரும் ஒரு கோடும். ஒரு மாதத்தில் அந்தத் தாள் விற்பனைக் கொப்பியைவிடப் பெறுமதியாக இருக்கும்.

செங்கலடி ரெப் எழுதியது:

அண்ணன் சொன்ன அந்தத் தாளை எந்தக் கடையிலாவது பார்த்தால் நானே படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவேன். எங்களுக்குத் தெரிவது கடைக்காரர் போடும் ஓடர் மட்டும்தான். வீட்டுக்காரர் உண்மையில் என்ன கேட்டார் என்பது தெரியாது.

2021, 2022 பால்மாத் தட்டுப்பாட்டில் இது நன்றாகத் தெரிந்தது. கடைக்கு 10 பக்கெட் வேண்டும், ஆனால் ஏஜென்ட் கேட்டதில் ஐந்தில் ஒன்றுதான் தருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 50 என்று ஓடர் போட்டார்கள். ஏஜென்ட்டும் மேலே அப்படியே. மேலே இருப்பவர்களுக்கு நாட்டில் எத்தனை பேர் பால் குடிக்கிறார்கள் என்பதே தெரியாமல் போனது. மறுகா சாமான் தாராளமாக வரத் தொடங்கியதும் அந்த ஓடர்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின.

கல்லடி வாசி எழுதியது:

தம்பி சொன்னதற்குப் புத்தகத்தில் சாட்டை விளைவு என்று பெயர். பிடியில் கை சற்று அசைந்தால் நுனி எட்டடி வீசும், அப்படி. புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியில் பாம்பர்ஸ் விற்பனையைப் பார்த்தபோது குழந்தைகள் பாவிக்கும் அளவு சீராக இருந்தது, ஆனால் விநியோகத்தர்களின் ஓடர் கண்டபடி ஏறி இறங்கியது. ஹாவ் லீயும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும் 1997 இல் இதற்கு நாலு காரணம் காட்டினார்கள். அதில் ஒன்று தம்பி சொன்ன தட்டுப்பாட்டு ஓடர். இன்னொன்று அவர் முதலில் சொன்ன 12 க்கு 1 இலவசம். மற்ற இரண்டும் ஓடரைச் சேர்த்துச் சேர்த்துப் போடுவதும், ஒவ்வொருவரும் கீழே இருப்பவரின் ஓடரை மட்டும் பார்த்துத் தன் மதிப்பீட்டைக் கூட்டுவதும்.

ஆகவே தங்கச்சி, ஏஜென்ட் உங்களை நம்ப வேண்டுமென்றால் எப்போதும் உண்மையான ஓடரைப் போடுங்கள். தட்டுப்பாடு வரும் நாளில் அந்த நம்பிக்கைக்குத்தான் சாமான் கிடைக்கும்.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

விலை கூடும் என்று கேள்விப்பட்டு முந்தியே வாங்கி வைப்பது பற்றி? 2022 மார்ச்சில் டொலர் 200 இலிருந்து ஏறிய நேரம் அப்படி வைத்தவர்கள் நன்றாக உழைத்தார்கள் என்று சொல்கிறார்கள்.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

மகள், அந்த ஆசை வேண்டாம். பக்கெட்டில் உச்ச சில்லறை விலை அச்சடித்திருக்கும். புதிய விலை வந்தாலும் பழைய பக்கெட்டை அதில் அச்சடித்த விலைக்குமேல் விற்கக் கூடாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வந்து பார்த்தால் வழக்கு, தண்டம். வைத்திருந்து கொண்டே இல்லை என்று சொல்வதும் குற்றம்தான். எங்கள் மார்க்கத்திலும் ஊர் தவிக்கும்போது பதுக்குவது ஹராம். வெள்ளத்துக்கு இருப்பு வைப்பது ஊருக்காக. விலைக்கு இருப்பு வைப்பது வேறு.

அக்கரைப்பற்று டீச்சர் எழுதியது:

காக்கா சொன்னதை வழிமொழிகிறேன். இன்னொரு யோசனை. உங்கள் ஊரில் வேறு கடைகள் உண்டா? மூன்று கடையும் தனித்தனியாகப் பாதுகாப்பு இருப்பு வைப்பதைவிட, ஒரு பொது இருப்பாக வைத்துப் பகிர்ந்தால் மொத்தம் குறைவாகப் போதும். ஒரு கடையில் தீர்ந்தால் மற்றதில் இருக்கும்.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

பக்கத்தில் இரண்டு கடை உண்டு. ஒன்று என் மாமாவுடையது. பேசிப் பார்க்கலாம். சாய்ந்தமருதுக் காக்காவின் களஞ்சியத்திலேயே எங்கள் மூவருக்குமாக ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொன்னால் எங்கள் காசும் முடங்காது, இல்லையா?

கல்லடி வாசி எழுதியது:

சாதாரண மாதங்களுக்கு மிக நல்ல ஏற்பாடு. மாரிக்குச் சரி வராது. சாமான் தண்ணீரின் அந்தப் பக்கம் இருந்தால் அது உங்கள் இருப்பே அல்ல. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பாதைக்காக (வாவியைக் கடக்கும் மிதவைக்காக) காத்துக் கிடக்கும் தொல்லை போய்விட்டது. ஆனால் பாலத்தில் உங்கள் பக்கம் உள்ள வீதிகள் தாழ்வானவை, அவற்றில்தான் லொறி நிற்கிறது. பொது இருப்பு உங்கள் மூன்று கடைகளுக்கும் நடந்து போகக்கூடிய இடத்தில், மேட்டு நிலத்தில் இருக்க வேண்டும். மாமாவின் கடை மேட்டில் இருந்தால் அங்கேயே.

காத்தான்குடி ராத்தா எழுதியது:

எங்கே வைத்தாலும் தரையில் வைக்காதீர்கள். பலகை அடித்து ஒரு முழம் உயரத்தில் அடுக்குங்கள், சுவரில் முட்டாமல் கை நுழையும் இடைவெளி விடுங்கள், சுவரில்தான் முதலில் ஈரம் ஏறும். உப்பு மூட்டையை மாவுக்கும் சீனிக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது, மழை நேரம் கசிந்து தண்ணியாகும். நெருப்புப் பெட்டியைப் பழைய பால்மா ரின்னுக்குள் போட்டு மூடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் முன்பக்கம் தெரிய மார்க்கரால் காலாவதித் திகதியைப் பெரிதாக எழுதுங்கள். புதுச் சாமான் வந்த நாளில் பொடியன்மார் களைப்பில் முன்னுக்கே அடுக்கிவிடுவார்கள், பழையது பின்னால் கிடந்து திகதி முடியும். திகதி முந்தியது முன்னுக்கு, அதுதான் எங்கள் கடையில் சட்டம்.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

கடனையும் மறக்கக் கூடாது. மூன்று லட்சத்துக்குச் சாமான் போட்டு, ஒன்றரை லட்சம் கொப்பியில் ஏறினால், மார்கழியில் எனக்குத் தர உங்களிடம் காசு இருக்காது. கொப்பியில் கிடப்பதும் இருப்புத்தான், வெட்டு முடியும்வரை கையில் எடுக்க முடியாத இருப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எல்லை போட்டு, அரிசி, பருப்பு, பால்மாவுக்குக் கடன், சோடா, பிஸ்கட்டுக்குக் கைக்காசு என்று வையுங்கள். ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து மாமாவோடும் மற்றக் கடை அண்ணனோடும் பேசினேன். இருவரும் சம்மதம். மாமாவின் கடை மேட்டில்தான் இருக்கிறது, பின் அறையில் பலகை அடிக்கிறார்.

குழந்தைப் பால்மா, ஜீவனி, சுகாதாரத் துணி, மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, பற்றரி ஆகியவற்றை மூன்று கடைக்கும் பொதுவாகப் பத்து நாளுக்கு எண்ணி எடுக்கிறோம், வீட்டுக் கணக்கை வைத்து. அதற்கு என் பங்கு அறுபதாயிரம் அளவு வருகிறது. அரிசி கூட்டவில்லை, இங்கே எல்லா வீட்டிலும் நெல் உண்டு. பருப்பு, ரின்மீன், சவர்க்காரம், தேயிலை கூட. மா கொஞ்சம் மட்டும். பாண் வராத நாளில் ரொட்டி சுடுவார்கள், ஆனால் வண்டுக்குப் பயம். பிஸ்கட், சம்போ, சோடா வழமையான அளவு. பாண் 18. சீனி ஐந்து மூட்டை என்று எழுதியிருக்கிறேன். ஐம்பதாயிரம் கையில் வைத்திருக்கிறேன், வெள்ளம் வராவிட்டால் பொங்கல் சாமானுக்கு.

அக்கரைப்பற்று டீச்சர் எழுதியது:

பற்றரி நல்லது. சீனியை மூன்று மூட்டையாகக் குறையுங்கள், மகள். மூன்று கடையிலும் ஏற்கெனவே இருப்பதை எண்ணினீர்களா? அதைக் கழித்துத்தான் ஓடர்.

மகிழடித்தீவுக் கடை எழுதியது:

மாமாவிடம் ஒரு மூட்டை இருக்கிறதாம், டீச்சர். அப்படியானால் இரண்டு போதும்.

சாய்ந்தமருது மொத்தக்கடை எழுதியது:

இரண்டு மூட்டை, சரி. செவ்வாய்க்கிழமை காலை என் லொறி மண்முனையால் வரும். பால்மா திகதி பார்த்துத்தான் இறக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் ஒருக்கால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பில்லின் பின்பக்கம் திருப்பி எடுக்கும் முறையை நானே எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புகிறேன்: உடைக்காத பெட்டி, தைப்பொங்கலுக்கு முன், முழு விலைக்கு.